பெயர் சொல்ல விரும்பாத ஊழியர்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் நான் ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபர். செய்தியை எழுதிக் கவரில் போட்டு, மதுரை போகும் பகல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அது பேப்பராகத் திரும்பி வரும். ‘நமது நிருபர்’ என்றுதான் போடுவார்கள். ஆனாலும் அது நான்தான் என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருமையில் தலைகால் புரியாமல் திரிந்த காலம்.

கூக்கால் போகிற வழியில் ஒரு சிற்றூர். வாந்திபேதியில் இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. அதிகாரிகள் காய்ச்சல் என்றார்கள். அந்த ஊர் அரசு மருந்தகத்து நர்சம்மா என்னைக் கதவுக்குப் பின்னால் கூப்பிட்டுச் சொன்னார்.

“தண்ணித் தொட்டியில மருந்து போட்டு மூணு மாசமாச்சுங்க. எழுதிக் குடுத்தும் ஒருத்தரும் வரல. எம் பேரு மட்டும் வேணாங்க. டெம்பரவரி வேலை. வீட்டுக்காரரு படுத்த படுக்கையாக் கெடக்காரு. இந்தச் சம்பளத்துலதான் எல்லாம்.”

“பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல” என்றேன். பெரிய சூரன்தான்.

கவரை அனுப்பிவிட்டு, டீக்கடை பாயிடம் கார்பன் பிரதியை வாசித்துக் காட்டினேன். ‘பெயர் சொல்ல விரும்பாத மருந்தக ஊழியர் ஒருவர் கூறியதாவது...’

பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “அங்க அந்த நர்சம்மாவ விட்டா வேற யாரு சார் ஊழியரு?”

வேறு யாருமே இல்லை. திறப்பதும் பூட்டுவதும் கூட்டுவதும் அவர் ஒருவர்தான். எழுதி எழுதிப் பழகிய வரி, கை தன்பாட்டுக்கு எழுதித் தொலைத்துவிட்டது. பஸ் அதற்குள் மலை இறங்கியிருக்கும்.

தபாலாபீசுக்கு ஓடி மதுரைக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தேன். மழையில் லைன் சரியில்லை. மணி அடித்தபோதெல்லாம் பதறி எழுந்தேன். யார் யாருக்கோ வந்தது. வேலை போய், அந்த அம்மா பெட்டியோடு ரோட்டில் நிற்பதே கண்ணில் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம்தான் லைன் கிடைத்தது.

“அந்த ஊழியர் சொன்னதை மட்டும் எடுத்துருங்க சார்” என்று கத்தினேன்.

“அதை எடுத்தா ஆதாரம் என்னய்யா இருக்கு?” என்றார் உதவி ஆசிரியர். “போட்டா முழுசாப் போடணும், இல்லன்னா வேணாம். வெரசாச் சொல்லு.”

“வேணாம் சார்.”

மறுநாள் பேப்பரில் செய்தி இல்லை. அப்பாடா என்றிருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குச் சந்தோஷமாகவே இருந்தேன்.

மூன்றாம் நாள் நர்சம்மா பஸ் பிடித்து வந்து, டீக்கடை வாசலில் என்னைக் கண்டுபிடித்தார்.

“ஏன் சார் போடல?”

“உங்க வேலைக்காகத்தாம்மா.”

“நேத்து இன்னொரு புள்ள போயிருச்சு சார். எங் கையிலதான் போச்சு. எழுதுங்க. எம் பேரப் போட்டே எழுதுங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கவரை நான்தான் கண்டக்டரிடம் கொடுத்தேன். பஸ் கிளம்பி வளைவு திரும்புகிறவரை அவர் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை. நான் அதைத் திரும்ப வாங்கிவிடுவேனோ என்று பயந்திருக்கிறார்.