கவுனில் பதிந்த விரல்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓணத்துக்கு முந்தின வாரம். திருவனந்தபுரத்தின் பழைய கடைவீதியான சாலைக் கம்போளத்துக்கு என் மூன்று வயது மகளோடு துணி வாங்கப் போயிருந்தேன். அப்போது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய செய்திதான். வெளியூர்க்காரர் யார் பக்கத்தில் நின்றாலும் சந்தேகமாகத்தான் பார்ப்பேன்.

ஓர் இரும்புக் கடை முன்னால் சிமெண்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இந்திக்காரர் ஒருவர் என் மகளைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. சில நிமிடம் கழித்துத் திரும்பினால், மகள் அவர் பிடியில் வீறிட்டு அழுகிறாள்.

“ஐயோ, பிள்ளையத் தூக்குறான்!” என்று கத்தினேன்.

அவ்வளவுதான். நாலா பக்கமிருந்தும் ஆட்கள் பாய்ந்தார்கள். போலீஸ் வந்து அவரை ஜீப்பில் ஏற்றும்போது உதடு கிழிந்திருந்தது, ஒரு காலில் செருப்பில்லை.

ஸ்டேஷனில் ஒரு பெண் எஸ்.ஐ. என் வாக்குமூலத்தை எழுதினார். புறநகரான கழக்கூட்டத்தில் இருந்த ஆபீஸிலிருந்து கணவரும் வந்து சேர்ந்தார். நான் திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். மலையாளம் பேசுவேன், வாசிக்க வராது. அதனால் எஸ்.ஐ. தமிழ் கலந்து வாசித்துக் காட்டினார்.

“‘என்ட கையில இருந்து குட்டியப் பலமாப் பிடிச்சு இழுத்தான்.’ சரிதானே மோளே?”

தலையாட்டினேன். கூட்டத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

“இதுக்கு என்ன தண்டனை மேடம்?” என்று கணவர் கேட்டார்.

“கடத்தல் கேஸ் அல்லே? ஏழு வருஷம் வரைக்கும் உள்ள கிடக்கலாம். பைனும் உண்டு.”

ஏழு வருஷம். கையெழுத்துப் போட, மடியில் தூங்கிய மகளைத் தோளுக்கு மாற்றினேன். அப்போதுதான் கவுனைப் பார்த்தேன். முதுகில், காலருக்குக் கீழே, ஐந்து சிமெண்ட் விரல்கள். முன்பக்கம் ஒரு பொட்டுக்கூட இல்லை. தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகுத் துணியையா கொத்தாகப் பிடிப்பான்? அவள் ரோட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாள். அவர் பின்னாலிருந்து இழுத்திருக்கிறார். காதில் விழுந்தும் விழாமல் போன லாரி ஹாரனும் இப்போது ஞாபகம் வந்தது.

என் கையிலிருந்து யாரும் பிள்ளையை இழுக்கவில்லை. என் கையில் போன்தான் இருந்தது. குழுவில் அன்று வந்த பிள்ளை பிடிப்பவர் செய்தியைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

“மேடம், இழுத்தத நான் பார்க்கல. பிள்ளை கைய நான்தான் விட்டுட்டேன்.”

கணவர் என் கையைக் கிள்ளினார். “பேசாம கையெழுத்தப் போடு. இப்ப மாத்தினா உன்மேல கேஸ் வரும்.”

“வரும்,” என்றார் எஸ்.ஐ. “கள்ளம் சொல்லி ஒருத்தன உள்ள தள்ளினா அதுக்கும் தண்டனை உண்டு, கேட்டோ. கையெழுத்து இட்டாச்சா?”

“இல்ல.”

“அப்ப தப்பிச்சு.” புதுத் தாளை எடுத்தார். “இனி நீ கண்டது மட்டும் சொல்லு மோளே. அங்க கூடின நாட்டுக்காரங்க கண்டது வேண்டாம்.”

இரும்புக் கடையின் கேமராப் பதிவைப் பார்த்த பிறகு, சாயங்காலம் அந்த இந்திக்காரரை விட்டார்கள். தெரிந்த அரைகுறை இந்தியில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. காவலரிடம் தன் இன்னொரு செருப்பைக் கேட்டார். இல்லை என்றதும், இருந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனார்.

குழுவில் இப்போதும் அந்த மாதிரிச் செய்திகள் வருகின்றன, நானும் பயப்படத்தான் செய்கிறேன். ஆனால் யாரையாவது சந்தேகமாகப் பார்க்கத் தோன்றினால், முதலில் என் கை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன்.