பஞ்சு ஓட்டிய எண்பது கிலோமீட்டர்

பஞ்சு இப்போதெல்லாம் கடைவீதியில் தலையைக் குனிந்துகொண்டுதான் போகிறான். அங்கே ஒரு பலகையில் அவன் வாங்கித் தந்த எண் ஆளுயரத்துக்கு நிற்கிறது: ஒரு சார்ஜில் எண்பது கிலோமீட்டர்.

பேட்டரி வண்டி செய்யும் கம்பெனியில் அவனுக்கு வேலை, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளக்க வண்டியில் உட்கார்ந்து போவது. அவ்வளவுதான். ஆள் நாற்பத்தெட்டு கிலோ. ஊதினால் பறந்துவிடுவான் என்றுதான் பஞ்சு என்று பெயரே வைத்தார்கள். மேடுபள்ளமில்லாத தளம், கல்லுமாதிரி காற்றடைத்த டயர். வேகம் முப்பதைத் தாண்டக்கூடாது, இருபத்தைந்துக்குக் கீழே இறங்கவும் கூடாது. கரண்ட்டை வீணாக்காமல் மோட்டார் ஓடுவது அந்த வேகத்தில்தான். விரட்டினால் எதிர்க்காற்றே பாதியைத் தின்றுவிடும். மேட்டில் பாரத்தோடு ஊர்ந்தால் மோட்டார் சூடாவதுதான் மிச்சம். இதெல்லாம் தெரிந்தும், "அந்த எண்பது என் நம்பர், அக்கா!" என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டான் மகராசன். தம்பி சொல்லிவிட்டானே என்று அவளும் மறுபேச்சில்லாமல் அதே வண்டியை வாங்கினாள்.

அவள் சமைக்கிற பள்ளிக்கூடம் செங்குத்தான மேட்டில் இருந்தது. மகளும் அங்கேதான் படித்தாள். தினமும் பின்சீட்டில் அவளையும் ஏற்றிக்கொண்டு போவாள் அக்கா.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஞ்சு அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். அவன் தட்டில் மலையாகச் சோறு. அவள் தட்டில் ஒரே கரண்டி.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"வண்டி நாப்பதுகூடத் தாண்டலடா. மேட்டுல பாதியில நின்னுடுது, இறங்கித் தள்ளுறோம். நீ ஓட்டினா எண்பது, நான் ஓட்டினா நாப்பதுன்னா என் வெயிட்டுதானே காரணம்? மூணு கிலோ குறைச்சுட்டேன். இன்னும் குறைச்சா சரியாயிடும்ல?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அவன் மானம் தப்பிவிடும். ஒரு நிமிஷம் அதையும் யோசித்துப் பார்த்தான் பாவி. யோசித்ததை நினைத்து அவனுக்கே உடம்பு கூசியது.

"உன் மேல தப்பே இல்லக்கா. அந்த எண்பது என்னை மாதிரி ஒருத்தன் சமதரையில மெதுவாப் போனாத்தான் வரும். அது தெரிஞ்சும் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

பக்கத்தில் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அப்ப நானும் வயிறு நிறையச் சாப்பிடலாமா மாமா?"