பதினாலே முக்கால் கம்பு

வாசல் நிலையோரம் வேலுத்தாய் கம்பைக் கிடத்துகிறார். முனை விழுந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்து, கம்பைப் புரட்டிப் போடுகிறார். "ரெண்டு... மூணே கால்." தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் முன்னறையை அளந்து முடித்து நிமிர்ந்து, "இதுலயா பாப்பா ஏழு பேரு கெடந்தீக?" என்கிறார். அவர் வீடும் இதே அளவுதான். இருந்தாலும் வேலுத்தாய் அளப்பார். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, கோயில் மண்டபம் எதையும் விட்டதில்லை.

கம்பு வேறொன்றுமில்லை. கொளுந்து எடுக்கிறவர்கள் தேயிலைச் செடியின் தலைமட்டம் பார்க்க மேலே கிடத்துகிற மூங்கில். ஒரு முனை தேய்ந்து பளபளக்கிறது.

அம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. வேலை செய்தவர் இல்லையென்றால் லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தேன். நான் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிய நான்கு நாளும் பக்கத்து வீட்டு வேலுத்தாய் ஒரு ஃபைலோடு வந்து உட்கார்ந்தார். நான் மில்களுக்குக் காற்றோட்டமும் உலர்த்தியும் அமைத்துக் கொடுக்கிற இன்ஜினியர். அது அவருக்குத் தெரியும்.

வேலுத்தாய்க்கு வயது ஐம்பத்து நான்கு. தேயிலை ஃபேக்டரி ஓடிய காலத்தில் பத்து வருடம் வாடல் மாடியில் இருந்தவர். பறித்த இலையைக் கம்பி வலைமேல் பரப்பி, அடியிலிருந்து காற்றாடி ஓட்டி வாட வைக்கிற இடம் அது. ஃபேக்டரி மூடியதும் கொளுந்து பறிக்கும் காட்டு வேலைக்கு வந்தார்.

எங்கள் லயங்களில் இருப்பவை பெரும்பாலும் பட்டியல் சாதிக் குடும்பங்கள். பஞ்சாயத்தில் அவர்களுக்கென்று வருடந்தோறும் ஒரு நிதி உண்டு. ஒருமுறை ஆடு கொடுத்தார்கள். "ஆட்ட எங்கன கட்ட? கம்பெனி செடியக் கடிச்சுப்புடுச்சு. ஆட்டுக்கு எலை, எனக்கு மெமோ," என்று வேலுத்தாய் சிரிக்கிறார். அதற்குப் பிறகு என்ன தரப்போகிறார்கள் என்று காத்திருப்பதை விட்டுவிட்டார். என்ன வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். பத்துப் பெண்களைச் சேர்த்தார். அதில் அம்மாவும் ஒருவர்.

யோசனை பஸ் ஸ்டாப்பில் பிறந்தது. சின்னக்கானல் பக்கத்து ரிசார்ட்டுகளின் படுக்கை விரிப்புகள் மழைக்காலம் முழுக்கப் பிக்கப் வண்டியில் அடிவாரத்துப் போடிக்கு இறங்குகின்றன, துவைபட்டுக் காய்ந்து ஏறுகின்றன. "போடி வெயிலுக்கு நம்ம மழ வாடகை கட்டுது பாப்பா. கொளுந்த வாட்டத் தெரிஞ்ச நமக்கு ஒரு பெட்ஷீட்ட வாட்டத் தெரியாதா?"

வாடல் மாடியையே சிறியதாக வரைந்திருந்தார். கீழே சூடேற்ற விறகடுப்பு, காற்றாடி; மேலே வலை, வலைமேல் துணி. நீரளவு, காற்றளவு, மோட்டார் எல்லாம் போட்டுப் பார்த்தேன். ஓடும். விறகடுப்புப் புகை மட்டும் துணியில் ஏறும் என்றேன். "அப்ப நடுவுல குழா வெச்சு அனல மட்டும் எடு," என்றார். சரியான விடை அதுதான்.

குழுக் கூட்டத்தன்று லயத்துக் குழாயடியில் பழைய கங்காணி சங்கையா வேலுத்தாயை வழிமறித்தார். "ஏத்தா, புள்ளைகள இன்ஜினியருக்குப் படிக்க வெச்சுட்டு அடுத்தவன் படுத்த துணியத் தொவைக்கவா சர்க்கார்ட்ட காசு கேக்குத?"

"அவன் குடிக்கிற டீக்கு எல பறிக்கலையா மாமா நாம? தொவைக்கிறது மிஷினு. பில்லுப் போடுறவ நானு. ஒம்ம வேட்டியக் கொண்டாரும், பாதி ரேட்டு."

குழாயடி சிரித்தது. சங்கையா குடத்தைப் பார்த்துக்கொண்டார்.

பஞ்சாயத்து ஆபீஸில் சிரிப்பு இல்லை. மலையாளி கிளார்க் ஜிஜி நல்ல பெண்தான். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெந்தா சேச்சி, கம்பு? மீட்டரில் எழுதணும். பின்னெ, ஸ்தலம் எவிடெ?" இடத்தின் சர்வே நம்பரும், உரிமையாளரின் சம்மதப் பத்திரமும் ஞாயிற்றுக்கிழமை கிராமசபைக்கு முன்னால் வந்தாக வேண்டும். இல்லையென்றால் இந்த வருடப் பட்டியலில் திட்டம் ஏறாது. லயத்துக்காரர்களுக்கு வீடும் கம்பெனியுடையது, வாசலும் கம்பெனியுடையது. சர்வே நம்பர் எழுத வேண்டிய கட்டம் காலியாகவே இருந்தது.

வேலுத்தாய் ஃபைலை மூடிக்கொண்டார்.

சனிக்கிழமை, மீட்டரில் மாற்றித் தருகிறேன் என்று டேப்பை எடுத்துக் கம்பை அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். அவரோ இத்தனை நாளும் ஒரு கம்பு ஒரு மீட்டர் என்றே எஸ்டிமேட் போட்டிருந்தார். எல்லாமே கூடிவிடும் என்றேன்.

"கூடட்டும். கொறைச்சுக் கொறைச்சுக் கேட்டுத்தான இங்கன கெடக்கோம்."

வரைபடத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. இடமே இல்லாத திட்டத்துக்கு இடத்தின் அளவு துல்லியமாக இருந்தது. அகலம் பதினோரு கம்பு, நீளம் பதினாலே முக்கால். மனதில் நினைத்த இடத்துக்கு யாரும் முக்கால் கம்பு போடமாட்டார்கள். அடுத்தது, மூலையில் பென்சிலால் ஒரு சின்ன அறை. பெயர் எழுதவில்லை. மற்ற எல்லாம் பேனா.

பெருக்கினேன். பன்னிரண்டே கால் மீட்டருக்குப் பதினாறரை. ஐந்து சென்ட். சீட்டுப் பணத்தில் அம்மா ரோட்டோரம் வாங்கிப் போட்ட இடம் ஐந்து சென்ட்.

"சித்தி, இது எங்கம்மா எடமா?"

கம்பின் தேய்ந்த முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நானும் அவளும்தான் அளந்தோம். மாசியில. புல்லு இடுப்பு மட்டும் நின்னுச்சு. எடத்த நா தாரேன்னு சொன்னா. வேலைய விட்டதும் லயத்த விட்டு எறக்கிருவாகல்ல, அதுக்கு ஓரத்துல தனக்கு ஒரு ரூம்பு போட்டுக் குடுன்னு கேட்டா." கம்பை மடியில் கிடத்திக்கொண்டார். "இப்ப அது ஒன் எடம் பாப்பா. ஒன்ட்ட வந்து எப்பிடிக் கேப்பேன்? அதான் எழுதல."

நான்கு நாள் பக்கத்தில் உட்கார்ந்தும் கேட்கவில்லை. அம்மாவும் என்னிடம் சொன்னதில்லை.

அம்மாவின் இடப் பத்திரம் பாத்திரச் சாக்கின் அடியில் இருந்தது. அவிழ்த்து எடுத்தேன். காலிக் கட்டத்தில் சர்வே நம்பரை எழுதினேன். இன்னொரு தாளில் சம்மதப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு, அந்த அறையை எடுத்துவிட்டால் இன்னும் ஒரு வலை போடலாம், நாளைக்கு நாற்பது விரிப்பு கூடுதலாகக் காயும் என்றேன். கணக்கு அப்படித்தான் வந்தது.

வேலுத்தாய் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். கம்பைத் தாளின்மேல் கிடத்தி, அதன் ஓரமாகவே, அந்தச் சின்ன அறையின் பென்சில் கோடுகள்மீது ஒவ்வொன்றாக மை ஓட்டினார்.