ஈஸ்னோஃபீலியா என்று பெயர் வைத்த இருமல்

தி. நகரில் ஒரு தபால் நிலையத்தில் ரிஜிஸ்டர் தபால் கவுண்டர் என்னுடையது. ஒரு ஆவணி மாதக் காலையில், கவர் மேல் குத்துவதற்காக முத்திரையை ஓங்கியபோது இருமல் வந்தது. முத்திரை கவரில் விழாமல் மேஜையில் விழுந்தது. வரிசையில் நின்ற ஒருவர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். இருமல் நிற்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. மாலையானால் லேசாகக் காய்ச்சல் அடித்தது. ரவிக்கைகள் தொளதொளத்தன, தையற்காரர் அளவை மாற்றிவிட்டார் என்று அவரோடு சண்டைக்குப் போனேன். பிறகு ஒரு நாள் ஆபீஸ் குழாயடியில் துப்பியபோது சளியில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் குணமாகிவிட்டேன். உங்களுக்கும் குணமாகும். ஆனால் நான் எல்லோரையும் மன்னித்துவிட்டதாகக் கடைசியில் எழுதுவேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொறுமை, சாந்தி, எல்லாம் அவன் செயல் என்று முடியும் கட்டுரைகளை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நிறையப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்களுக்கு என் மாமியார் வாய்த்திருக்க மாட்டார்.

அது வடக்கே பிளேக் பரவிய வருஷம். சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்கள் மூக்கில் துணி கட்டியிருக்கிறார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். மருந்துக் கடைகளில் பிளேக்குக்கான டெட்ராசைக்ளின் மாத்திரை கிடைக்கவில்லை. என் கணவர் முரளி எங்கிருந்தோ நாலு அட்டை வாங்கிவந்து சாமி அலமாரியில் வைத்தார். (அவரைப் பெயர் சொல்லித்தான் எழுதப்போகிறேன். அந்த மரியாதையெல்லாம் அந்த வருஷத்தோடு போயிற்று.)

எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை. நாங்கள் ஐந்து பேர்: நான், முரளி, நான்கு வயது மகள் நித்யா, மாமியார், முரளியின் தம்பி பாலாஜி. பாலாஜி ஒரு வருஷமாக இருமிக்கொண்டிருந்தான். ஈஸ்னோஃபீலியா (ரத்தத்தில் ஒரு வகை அணுக்கள் கூடுவதால் வரும் இருமல்) என்றார்கள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் அந்தப் பெயரைச் சொல்லி இருமினார்கள். நானும் நம்பினேன்.

பிளேக் செய்தி வந்ததும் மாமியார் வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். தெருப்பக்க ஜன்னல்கள் இரண்டையும் சாத்தி, இடுக்குகளில் பழைய வேட்டித் துணியைக் கிழித்து அடைத்தார். கொலுவுக்கு யாரையும் அழைக்கவில்லை. தினமும் சாம்பிராணி போட்டார். எனக்கு மட்டும் தனிச் சட்டம். வேலையிலிருந்து வந்தால் கொல்லைப்பக்கமாக நுழைந்து, குளித்து, புடவையை நனைத்துப் போட்ட பிறகுதான் குழந்தையைத் தொடலாம்.

"பஸ்ஸுல எல்லாரோடயும் ஒரசிண்டு, ஊர் எச்சிலைத் தொட்டுண்டு வரே. ஆத்துல கொழந்தை இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்பார்.

எச்சில் என்று அவர் சொன்னது தபால் தலைகளை. ஜனங்கள் நாக்கில் தடவி ஒட்டும் தலைகளின் மேல்தான் நான் நாள் முழுவதும் முத்திரை குத்துகிறேன். எங்கள் வீட்டிலோ டம்ளரில் யாரும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள். எச்சில் விஷயத்தில் அவ்வளவு சுத்தம். சாத்திய கூடத்தில் எல்லோரும் டி.வி. முன்னால் உட்காருவோம். பாலாஜியின் மடியில் நித்யா இருப்பாள். அவன் அவள் தலைக்கு மேலே இருமிக்கொண்டிருப்பான்.

அடையாறில் ஒரு நெஞ்சு நோய் டாக்டரிடம் போனேன். நடுவயது அம்மாள், அதிகம் பேசமாட்டார். எக்ஸ்ரே எடுத்து, மூன்று நாள் சளியைப் பரிசோதித்து, காச நோய் என்றார். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. பிறகு வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று கேட்டார்.

"யாருக்கும் இல்ல டாக்டர்" என்று முரளி முந்திக்கொண்டார்.

பாலாஜிக்கு ஈஸ்னோஃபீலியா என்றேன் நான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முரளியைப் பார்த்தார். அது தூசி ஒத்துக்கொள்ளாததால் வருவது என்றார் முரளி. வீட்டில் இருக்கிற எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்து வரும்படி டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு முரளியின் சட்டைப் பையோடு போயிற்று.

அன்றே எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வந்தன. பஸ்ஸில் போனால் வேறு என்ன வரும் என்று மாமியார் பக்கத்துப் போர்ஷன் மாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அறையில் நான் மட்டும். நித்யாவின் பாயை எடுத்துக் கூடத்தில், பாலாஜியின் பாய்க்குப் பக்கத்தில் போட்டார்கள். அவள் அழுதாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சித்தப்பாவோடு படுத்துக்கொள் என்று சமாதானம் செய்தவளே நான்தான். இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருவது அந்த ஒரு இடத்தில்.

மாத்திரைகளில் ஒன்று ரிஃபாம்பிசின். சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மறுநாள் காலை அந்த நிறத்தைப் பார்த்தபோது நான் பயப்படவில்லை. எங்கேயோ பார்த்த நிறமாக இருந்தது.

அன்று மத்தியானம் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது நினைவு வந்தது. அதற்கு முந்தைய கோடையில் பாலாஜியின் வெள்ளை பனியன்களில் அக்குள் பக்கம் இதே ஆரஞ்சுக் கறை இருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. உடம்புச் சூடு என்று மாமியார் சொல்லி, தினமும் பார்லி கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் கறை நின்றது. பார்லி வேலை செய்துவிட்டது என்று நானே சொன்னேன்.

முரளியை மாடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். அதிகம் மறுக்கவில்லை. பாலாஜிக்கு வந்தது காச நோய்தான். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டதும் இருமல் குறைந்தது. அந்த நேரத்தில் ஆதம்பாக்கத்திலிருந்து ஜாதகம் பொருந்தி வந்தது. வீட்டில் மாத்திரை அட்டை யார் கண்ணிலாவது பட்டால் வம்பு என்று நிறுத்திவிட்டார்கள். கல்யாணம் தை மாதம்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. கல்யாணம் ஆகட்டும், அப்பறம் வைத்தியம் பாத்துக்கலாம்னு அம்மா சொல்றா" என்றார்.

"நித்யா அவன் பக்கத்துல படுத்துண்டிருக்காளே?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

உலர்த்திய துணிகளை அப்படியே விட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். காச நோய்க்காரியிடம் மூச்சு விடாதே என்றதைக் கூட ஒரு நாள் மறந்துவிடலாம். அந்தக் கடைசி வாக்கியத்தை மறக்க மாட்டேன். பெற்ற தகப்பன், எல்லாம் தெரிந்தே சொன்னது.

அடுத்த நாள் டாக்டரிடம் தனியாகப் போய், எனக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று நேராகக் கேட்டேன். அவர் சொன்னதை வார்த்தை மாறாமல் தருகிறேன். வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால் உங்களுக்கும் உதவும்.

"பஸ்ல வந்திருக்கவே முடியாதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ல ஜன்னல் திறந்திருக்கு, அரை மணியில இறங்கிடறீங்க. மூடின ரூம்ல, மருந்தை பாதியில விட்ட ஆளோட, மாசக்கணக்கா இருக்கறதுதான் பெரிய ஆபத்து. தட்டு, டம்ளர்ல எல்லாம் இது வராதும்மா. காத்துல வரும்."

மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பெரும்பாலும் என்னிடமிருந்து பரவாது, குழந்தை என்னோடு இருக்கலாம் என்றும் சொன்னார். அதுவரை குழந்தையை அந்தக் கூடத்திலிருந்து வெளியே எடுங்கள் என்றார். நித்யாவை அன்றே வடபழனியில் என் அக்கா வீட்டில் விட்டேன். இரண்டு வாரம் கழித்து நானும் போனேன். பஸ் டிப்போவுக்கு அருகே இரண்டாம் மாடி. புகை, ஹாரன், படியெல்லாம் ஆட்கள். மாமியார் கணக்கில் அதைவிட அசுத்தமான இடம் சென்னையில் கிடையாது. நாலு பக்கமும் ஜன்னல் இருந்தது.

அங்கே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதினேன். ஆதம்பாக்கத்துப் பெண்ணின் பெயருக்கே எழுதினேன். மாப்பிள்ளைக்குக் காச நோய் வந்து வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், கல்யாணத்துக்கு முன் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள், எழுதுவது அவர் மன்னி. இவ்வளவுதான். அந்தப் பெண்ணைக் காப்பாற்ற எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நாலு பேர் பாராட்டுவார்கள். உண்மை அதுவல்ல. அவர்களுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சாதாரணத் தபால் என்றால் அவள் அப்பா பிரித்து, கிழித்துப் போட்டுவிடலாம். ரிஜிஸ்டர் தபாலை உரியவர் கையில் கொடுத்துத்தான் கையெழுத்து வாங்குவார்கள். இத்தனை வருஷ வேலை எதற்கு? ஒப்புகை அட்டையும் (தபாலைப் பெற்றவரின் கையெழுத்தோடு அனுப்பியவருக்குத் திரும்பும் அட்டை) வைத்தேன். அனுப்புநர் முகவரியில் மயிலாப்பூர் வீட்டை எழுதினேன். அட்டை மாமியார் கையில் கிடைக்க வேண்டும்.

கிடைத்தது. ஆதம்பாக்கத்திலிருந்து ஆட்கள் வந்து தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். மறுநாளே மாமியார் வடபழனிக்கு வந்தார், அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஒரு பையனோட வாழ்க்கையை நாசம் பண்ணிட்டியே. கொழந்தையைக் கூப்பிடு, நான் அழைச்சிண்டு போறேன்."

வாசலை மறித்து நின்றேன். "நீங்க அந்த ஆத்துலேர்ந்து வரேள். கீழே குழாயடியில குளிச்சுட்டு வாங்கோ. அப்பறம் கொழந்தையைத் தொடலாம்" என்றேன்.

குளித்தால் இந்த நோய் போகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் குளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். திட்டிவிட்டுத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். கீழே இறங்கினார். டிப்போ கண்டக்டர்கள் முகம் கழுவும் குழாயில் இரண்டு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டு, ஒன்பது கஜம் சொட்டச் சொட்ட மேலே வந்தார். அக்கா துண்டை எடுத்து நீட்டினாள். நான் நீட்டவில்லை.

நித்யாவின் முன்கையில் அப்போது மாண்டூ சோதனைத் தடிப்பு (தோலுக்கடியில் மருந்தை ஏற்றி, கிருமி உடம்பில் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது) எட்டணா அளவுக்குச் சிவந்திருந்தது. என்ன இது என்று மாமியார் கேட்டார். உங்கள் கூடத்தில் கிடைத்தது என்றேன். அவர் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். குழந்தையை அழைத்துப்போகும் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

எக்ஸ்ரேயில் நித்யாவுக்கு பிரைமரி காம்ப்ளெக்ஸ் (குழந்தைகளுக்கு வரும் ஆரம்பநிலைக் காச நோய்) என்று தெரிந்தது. அவளுக்கும் ஆறு மாதம். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினேன். பாதி நாள் துப்புவாள், மறுபடி பொடிப்பேன். மறு வாரம் பாலாஜியை மாமியாரே டாக்டரிடம் அழைத்துப் போனார். சளியில் கிருமி இருந்தது. முதலிலிருந்து, இன்னும் நீண்ட வைத்தியம். முரளி மூன்று மாதம் கழித்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே விட்டேன். அதற்குமேல் அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

இன்னொன்று இருக்கிறது. மாசி மாதம் அந்த ஆதம்பாக்கத்துப் பெண் என் கவுண்டருக்கு வந்தாள். வரிசையில் நின்று, முறை வந்ததும், "நீங்கதானே எனக்கு லெட்டர் போட்டது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவளுக்கு பாலாஜியைப் பிடித்திருந்தது போலிருக்கிறது. கேட்கும்போது என்னைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தாள்.

"முழுசா மருந்து சாப்ட்டா அவருக்குக் குணமாயிடுமா? அப்பறம் பண்ணிக்கலாமா?"

குணமாகும், கல்யாணம் செய்துகொள்ளலாம், குழந்தை பெறலாம். டாக்டர் எனக்கே இதையெல்லாம் சொல்லியிருந்தார். நான் அப்போது நாலாவது மாத மாத்திரையில் இருந்தேன், எடை கூடியிருந்தது, நானே அதற்குச் சாட்சி.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, பின்னால் நின்றவரின் கவரை வாங்கினேன். அவளுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

ஐந்து வருஷம் ஆகிறது. என் எக்ஸ்ரேயில் வலது மேல் மூலையில் ஒரு தழும்பு இருக்கிறது, அது போகாது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னல்களை எண்ணுகிறேன். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. கல்யாண மண்டபத்தில், டாக்டர் அறையில், சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் என் பொழுது அப்படித்தான் கழிகிறது. கூட்டமான பஸ்ஸில் மட்டும் எனக்கு நிம்மதி. நெரிசலில் தொங்கிக்கொண்டு போகும்போது நான் முழுசாக மூச்சு இழுத்து விடுகிறேன்.

போன மாதம் அப்படி நித்யாவோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். லஸ் கார்னர் ஸ்டாப்பில் பாலாஜி ஏறினான். காதோரம் நரைத்திருந்தது. இன்னும் தனியாகத்தான் இருக்கிறான். வைத்தியத்தை ஒழுங்காக முடித்தவன். அவனிடமிருந்து யாருக்கும் எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். நித்யா அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனும் இரண்டு அடி எங்கள் பக்கமாக வந்தான். நான் என்னை அறியாமல் அவளை என் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

அவன் நின்றான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு, பின்பக்கப் படிக்குப் போய், வெளியே முகத்தைத் திருப்பி நின்றுகொண்டான். மந்தைவெளிவரைக்கும் கையை எடுக்கவில்லை.

அது தேவையில்லை என்று நான் சொல்லவில்லை.