கடை திறப்பதற்குள்

எங்கள் பக்கத்தில் எல்லை எங்கே முடிகிறது என்று தெரிந்துகொள்ளப் பலகை பார்க்க வேண்டியதில்லை. வரிசையாகப் பிராந்திக் கடை வந்தால் புதுச்சேரி முடிந்தது, அந்தாண்டை தமிழ்நாடு. பாகூரில் அரை மாரத்தான் நடத்தியவர்களுக்கு புதுச்சேரிப் பக்கம் மட்டும்தான் ஓட அனுமதியாம். இருபத்தொரு கிலோமீட்டரை எப்படி வளைத்துப் போட்டாலும் எங்காவது எல்லைக்குப் போய்த் திரும்பித்தான் ஆக வேண்டும். பதினாறாவது கிலோமீட்டரில் திரும்புகிற இடம் என்று அவர்கள் குறித்தது, என் அண்ணன் வருஷக்கணக்காகக் குடித்த கடையின் வாசல்.

வழியைக் கேட்டதுமே நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரித்தான்.

"அஞ்சரைக்கு உட்றாங்க பாப்பா. நீ ஆமை மாதிரி ஓடுனாலும் எட்டுக்குள்ள அந்த எடத்தத் தாண்டிடுவோம். கடை ஒன்பதுக்குத்தான் தொறப்பான். எனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்!

அவன் குடியை விட்டு ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. விட்ட புதிதில் விடியற்காலையில் தூக்கம் வராமல் ஏரிக்கரையில் நடக்க ஆரம்பித்தான். நடை ஓட்டமாயிற்று. அதற்கு முன்னால் அவன் குடித்த குடியைச் சொல்லி மாளாது. குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே நின்று கொய்யா இலையைப் பறித்து மென்றுவிட்டுத்தான் உள்ளே நுழைவான், வாசம் தெரியக் கூடாதாம். அந்த மரத்தில் கைக்கெட்டுகிற உயரத்தில் ஒரு இலை இருக்காது. கடைசியில் அண்ணி மரத்தையே வெட்டிப் போட்டுவிட்டு, பெண்ணைக் கூட்டிக்கொண்டு மடுகரைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் போன் பண்ணினால் எடுக்க மாட்டாள்.

ஓட்டத்துக்குப் பேர் கொடுத்த அன்று அண்ணியிடம் நான்தான் பேசினேன். ஓட்டத்தைப் பார்க்க வரச் சொன்னேன்.

"சரி, பொண்ண இட்டுக்கினு வரேன்" என்றாள். "குடிக்காம ஓடி முடிச்சிட்டு எம்முன்னால வந்து நிக்கட்டும். அன்னிக்கே வூட்டுக்கு வந்துடறேன். இல்லன்னா இனிமே எனக்குப் போனே பண்ணாதீங்க, சாமி."

நான் வில்லியனூரில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடினதில்லை. ஆனாலும் அவனைத் தனியாக விட மனசு வரவில்லை, நானும் பேர் கொடுத்தேன். ஊரே பார்த்துச் சிரிக்கச் சிரிக்க, அவன் பின்னால் ஏரிக்கரையில் ஓடிப் பழகினேன்.

அன்றைக்கு ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டோம். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று. கொடியசைக்க வேண்டிய பெரிய மனுஷர் வரவில்லை. மைக் பிடித்தவன் "தோ வந்துட்டாரு, பக்கத்துல வந்துட்டாரு" என்று பாட்டைப் போட்டு எல்லோரையும் ஆடச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"வெயில் ஏறுது, தெரியலயா? உடுங்க சார்."

"கொஞ்சம் பொறுங்க மேடம். அவரு குளிச்சிக்கினு இருக்காராம்."

குளிக்கிறாராம்! ஒரு நாள் குளிக்காமல் இருந்தால் குடியா முழுகிவிடும்? இன்றைக்கு நினைத்தாலும் அந்த ஆள் மேல் எனக்கு எரிகிறது.

கொடியசைக்கும்போது ஏழு மணி. அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீ வேகமா ஓடிடுண்ணே. ஒன்பதுக்குள்ள தாண்டிடலாம், நான் மெதுவா வரேன்" என்றேன்.

"உன்ன உட்டுட்டு நான் எங்க போறது? வா" என்றான்.

என்னோடேயே ஓடினான். கரும்பு லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஒரு இடத்தில் ரோட்டில் பாதிக்கு மேல் நெல் காயப் போட்டிருந்தார்கள். டவுனிலிருந்து வந்த பையன்கள் அதன் மேலேயே ஓடினார்கள். எங்களுக்குக் கால் வரவில்லை. நெல்லை எப்படி மிதிப்பது? ஓரத்தில் மேடும் பள்ளமுமாக இருந்த மண்ணில் இறங்கி ரொம்ப தூரம் ஓடினோம். அங்கேயே என் கால் இழுக்க ஆரம்பித்துவிட்டது. அடுத்துத் தண்ணீர் கொடுக்கிற இடத்தில் காலி கேன்களும் ஒரு பெஞ்சும்தான் இருந்தன. தண்ணீர் தீர்ந்து போனதாம். வெயில் மண்டையைப் பிளந்தது.

எல்லைக்கு வந்தபோது ஒன்பதரை. கடையின் ஷட்டர் ஏறியிருந்தது. வாசலில் நான்கைந்து வண்டிகள் நின்றன. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ரோட்டில் வைத்த பார்வையை எடுக்கவே இல்லை, திரும்புவதற்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பைச் சுற்றித் திரும்பினான், கடையைத் தாண்டினான். கடவுளே, தாண்டிவிட்டான்! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி வீட்டுக்கு வந்து சாயந்திரம் விளக்கேற்றுகிற வரைக்கும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் பத்தடிகூட நிலைக்கவில்லை. கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. "ஐயோ அம்மா" என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் காலை நீட்டிப் பிடித்தான், தேய்த்தான். விடவில்லை. வலியில் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"ஐஸ் வெச்சாத்தான் உடும்" என்றான்.

ஐஸ் எங்கே கிடைக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வேணாண்ணே. தானா உட்டுடும்."

"ஐஸ் மட்டுந்தான் பாப்பா. தோ வந்துடறேன்."

கொஞ்ச நேரத்தில் வந்தான். பிளாஸ்டிக் பையில் ஐஸைக் கொண்டுவந்து காலில் வைத்து அழுத்தினான். அப்பாடா என்று இருந்தது. அடுத்த மூச்சில் வாசம் வந்தது.

"குடிச்சியா?"

அவன் நிமிரவில்லை. "ஐஸுன்னுதான் கேட்டேன். 'இன்னா தலைவா, நீ செத்துட்டன்னு இல்ல நெனச்சேன்'னு கடக்காரன் கட்டிப் புடிச்சிக்கினான். ஊத்தியே கையில குடுத்துட்டான். ஒண்ணுதான் பாப்பா. சத்தியமா ஒண்ணுதான்."

அடித்தேன். தோளிலும் மார்பிலும் மாறி மாறி அடித்தேன். ஐஸை எடுக்காமலேயே எல்லா அடியையும் வாங்கிக்கொண்டான்.

"அப்பறம் அடி. மொதல்ல எழுந்திரு. அங்க உங்கண்ணி நிக்கும்."

காலில் பிடிப்பு விட்டுவிட்டது. எழுந்து ஓடினோம். வழியில் ஒரு வீட்டு வேலிக்கு மேலே கொய்யாக் கிளை நீட்டிக்கொண்டிருந்தது. அவன் கை தானாகப் போய் ஒரு பிடி இலையைப் பறித்தது. மென்றுகொண்டே ஓடினான். "நல்லா மெல்லு" என்று நானும் சொன்னேன். வாயை ஊதிக் காட்டச் சொன்னேன். சாராய வாசமே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

முடிகிற இடத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஓரமாக நின்றிருந்தாள். நல்ல புடவை, தலையில் பூ. காலடியில் துணி வைத்த பெரிய பை. கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள், ஆனால் முகம் சிரிக்கப் பார்த்தது. அந்த முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

கோட்டைத் தாண்டினோம். எட்டு வயசுப் பெண், "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கன்னத்தில் முத்தம் கொடுத்தது. அப்படியே நின்றுவிட்டது. பிறகு மெதுவாகக் கையை எடுத்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, கொய்யா எலை" என்றது.

சாராய வாசத்தைவிட அந்த வாசம்தான் அந்தப் பிள்ளைக்குப் பழக்கம். எங்களுக்கு இது ஏன் உறைக்கவில்லை?

அண்ணி குனிந்து பையை எடுத்தாள், பெண்ணின் கையைப் பிடித்தாள், பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். "அண்ணி, எனக்காகத்தான் அண்ணி, என் காலுக்காக" என்று பின்னாலேயே ஓடினேன்.

"நீ நல்லா இரு, கண்ணு" என்று மட்டும் சொன்னாள். பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது யாரோ ஒரு பெண் அண்ணன் கழுத்தில் மெடலை மாட்டி, "சிரிங்க சார்" என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

அந்த ஐஸ் நன்றாகத்தான் வேலை செய்தது. மறுநாள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றேன், காலில் வலியே இல்லை.

அண்ணன் ஓட்டம் முடிந்த அன்று சாயந்திரமே எல்லைக்குப் போனான். இப்போது தினமும் போகிறான். இலை மெல்வதை மட்டும் விட்டுவிட்டான்.