சாரத்தில் சப்பாணி கட்டிய காலை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்துத் தெருமுனை ஒன்று. கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறைக்கு, டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் மாடியிலேயே குடியிருந்த ஓர் அண்ணையிடம் வேலை. பெயின்ற் அடிப்பதும் சுவர் கழுவுவதும் அவர் தொழில்.

அந்தக் கட்டடத்தைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விக்டோரியா காலத்தில் ஹோட்டலாக இருந்தது. நகரசபையின் பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது; அனுமதி இல்லாமல் சுவரில் கைவைக்க முடியாது. மேல்மாடி முழுவதும் செங்குத்தாகச் சரியும் கூரைக்குள் இருந்தது. சிவப்புச் செங்கல் சுவர். யன்னல் வளைவுகளுக்கு மட்டும் மஞ்சள் கல், புருவம் தீட்டியதுபோல. கீழே டோனட் கடை. எல்லாவற்றின் மேலும் கரி.

அண்ணை வாடகைக்குக் கொண்டுவந்தது, மணலை வீசியடித்துச் சுவரைச் சுரண்டும் மெசின்.

"பின்னேரத்துக்குள்ள புதுக் கட்டடமாக்கிப் போடுவன்" என்றார்.

எனக்குத் திக்கென்றது. சூளையில் வெந்த வெளித்தோல்தான் செங்கல்லுக்குக் கவசம். அது போனால் ஈரம் உள்ளே இறங்கி, பனிக்காலத்தில் உறைந்து, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். சொன்னேன். அவர் சிரித்தார்.

"கல்லுக்கும் தோலோ? அப்ப வின்ரருக்கு ஒரு ஜாக்கெற் வாங்கிக் குடு பிள்ளை."

சுவரோரம் பலகையும் கம்பியுமாகக் கட்டியிருந்த சாரத்தில் நான் ஏறி, ஒரு யன்னல் வளைவுக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"இறங்கு. ஓனர் வாறான்."

"வரட்டும். நகரசபை அனுமதியைக் காட்டினால் இறங்கிறன்."

"உது என்ன, உன்ர கொப்பற்ற வீடே?"

"உங்கடயும் இல்லை அண்ணை."

கட்டடச் சொந்தக்காரர் வந்தார். பொலிசைக் கூப்பிடுவேன் என்று ஆங்கிலத்தில் கத்தினார். கூப்பிடுங்கள், நகரசபைக்கும் சேர்த்து போன் அடியுங்கள் என்றேன். அவர் என்னையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். அனுமதி எடுக்கவே இல்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. கடைசியில், "தண்ணீரால் கழுவுங்கள்" என்று முணுமுணுத்துவிட்டுக் காருக்குப் போனார்.

அண்ணை மெசினை ஓரமாகத் தள்ளினார். ஒரு வாளியையும் மென்மையான பிரஷையும் மேலே நீட்டினார்.

"வாய் காட்டினது நீதானே. இந்தா, தேய்."

தேய்த்தோம், நாள்கணக்காக. அடுத்த கோடைக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை. வந்த நாட்டில் அடக்கமாக இரு என்று வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சுவருக்காகச் சண்டை பிடித்த காலையில்தான், இந்த நகரம் எனக்கும் சொந்தம் என்று யாரையும் கேட்காமலே நான் முடிவுசெய்தேன்.