சோப்பு கம்பெனி வழங்கிய கண்ணீர்

சித்தி வேலையிலிருந்து வந்ததும் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவுவாள். ஷூ கம்பெனியில் நாளெல்லாம் தோல் ஒட்டிய "சொல்யூஷன்" பசையின் வாடை அப்படியும் முழுதாகப் போகாது, இரண்டு மணமும் கலந்த கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள். மாதனூரில் எங்கள் வீட்டு டிவியில், "இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்" என்று கனத்த குரலில் ஒருவர் ஒரு சோப்பின் பெயரைச் சொன்ன பிறகுதான் கதாநாயகி அழவே ஆரம்பிப்பாள். எனக்கு விளம்பரம்தான் பிடிக்கும், அழுகை "பேஜார்".

சித்தப்பாவின் அடி தாங்காமல் சித்தி எங்களோடு வந்து தங்கி, வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது. சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "பொண்ணுன்னா கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்." ஒரு நாள் சாயங்காலம் ஆற்காட்டிலிருந்து சித்தியின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா பொட்டலத்தோடு வந்து இறங்கினார், மறுநாள் காலையில் தங்கையைக் கையோடு கூட்டிப்போய்ப் புருஷன் வீட்டில் விட்டுவிடுவதென்று முடிவு கட்டிக்கொண்டே வந்திருந்தார். அவருக்குத் தோதாக அன்றைக்கென்று பார்த்துச் சீரியலிலும் கதாநாயகி புருஷனை மன்னித்துப் பெட்டியோடு திரும்பிப் போனாள்.

"பாத்தியாம்மா, அவளே போய்ட்டா. உனக்கு இன்னா?" என்றார் மாமா.

சித்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ அழுதா சோப்பு கம்பெனி துட்டு குடுக்குதுண்ணா. நான் அழுதா எவன் குடுப்பான்? நாளைக்கு நான் வேலைக்குப் போறேன், நீ ஊருக்குப் போ."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதூகலம், சித்தி எங்களோடேயே இருப்பாள்.

இத்தகைய தொடர்களுக்கு ஆங்கிலத்தில் "சோப் ஓபரா" என்று பெயர் வந்த கதையை வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவில் வானொலிக் காலத்தில், பகலில் வீட்டிலிருக்கும் பெண்களுக்கென்று ஒலிபரப்பான கண்ணீர்க் கதைகளுக்குச் சோப்பு கம்பெனிகள் பணம் போட்டனவாம். ஓபரா என்பது பெரிய மனிதர்கள் ரசிக்கும் இசை நாடகம், அதையும் சோப்பையும் முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் கிண்டலாகச் சொன்ன பெயர் அப்படியே நின்றுவிட்டது. கிண்டல் செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் சித்தி அந்தக் கதைகளுக்கு மனசார அழுதவள். ஆனால் எப்படி வாழ்வதென்று அவற்றிடம் கேட்டதில்லை.

இப்போது "வழங்குவோர்" குரலைக் கேட்க முடிவதில்லை, செல்போனில் விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் பார்க்கிறார்கள். சித்தி மாதனூரிலேயே தனக்கென்று கட்டிக்கொண்ட வீட்டில் இருக்கிறாள். போன வருஷம், கன்னம் வீங்கியிருந்த தன் கடைசி மகளைக் கூட்டிக்கொண்டு, மாமா தள்ளாத வயதில் சித்தியின் வாசலில் வந்து நின்றார்.

"திரும்பிப் போன்னு இவகிட்ட என்னால சொல்ல முடியலம்மா."

சித்தி பழசைக் கிளறவில்லை. "உள்ள வாடி கண்ணு, சாப்ட்டியா?" என்று அந்தப் பெண்ணின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.